நாலாவது சரணம்

எங்கள் வீட்டு மாடித் தொட்டி நிரம்ப ஒரு பாட்டு நேரம் பிடிக்கும். மோட்டாரைப் போட்டுவிட்டு நான் பாட உட்கார்ந்தால், மூன்றாம் சரணத்துக்குப் போகும்போது தண்ணீர் வழியத் தொடங்கும். என் மனைவி தனம் சமையலறையிலிருந்து, "இன்னாங்க, டேங்க் ரொம்பிடுச்சி, மோட்டார நிறுத்துங்க" என்று குரல் கொடுப்பாள். சுவிட்ச் இருப்பது நான் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே. அதனால் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எழுந்து நிறுத்திவிட்டுத் திரும்பி உட்காரும்போது பாட்டு போயிருக்கும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஐயா. நடந்ததை உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள் என்று இன்று காலை ஸ்டேஷனில் காகிதம் கொடுத்தீர்கள். அலுவலகத்தில் வருடக்கணக்காகக் கடிதம் எழுதிப் பழகியவன் நான். ஆரம்பத்திலிருந்து எழுதினால்தான் எனக்கு வரும்.

பெயர் ராஜமாணிக்கம். சொந்த ஊர் அடி அண்ணாமலை. வீடும் வேலையும் வேங்கிக்காலில். பிள்ளைகள் இல்லை. சின்ன வயதிலிருந்தே பாட்டு எழுதி, நானே மெட்டுப் போட்டு, நானே பாடுவேன். யாரும் கேட்டு எழுதியதில்லை. அலுவலகத்தில் பிரிவுபசார விழா வந்தால் என்னைப் பாடச் சொல்வார்கள். பல்லவி முடிவதற்குள் பிரியாணிப் பொட்டலம் வந்துவிடும். என் பாட்டு ஒன்றையாவது முதலிலிருந்து கடைசிவரை கேட்ட ஆள் இந்த ஊரில் கிடையாது. நாற்பத்தெட்டு வயதில் இதற்காக ஒருவன் ஏங்குவது சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் சாலையில், ஒரு காபிக்கடையின் மாடியில் அருணாதேவி அம்மா நடத்தும் இசைக்கூடம் உங்களுக்குத் தெரியும். இப்போது அதன் சாவி உங்களிடம்தான் இருக்கிறது. நாற்பது பேர் பாயில் உட்காரலாம். மேடை இல்லை, மைக் இல்லை. ஆனால் சென்னையில் பெரிய சபாக்களில் பாடுகிறவர்கள்கூட அங்கே ஒருமுறை பாடியதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாட்டு தொடங்கியதும் கேட்கிறவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். பாடுகிறவரின் முழங்கால் அருகே சின்ன வெண்கல மணி ஒன்று இருக்கும். பாட்டை முடித்து அவர் அதை அடிக்கும்வரை ஒருவரும் கண் திறக்கமாட்டார்கள். கை தட்டுவதும் இல்லை. ஆசிரமத்தில் கண்மூடி உட்கார்ந்து பழகிய கூட்டம் என்பதால் அவர்களுக்கு இது சிரமமே இல்லை. ஆட்டோக்காரர்கள் அந்த இடத்தைக் கண்மூடி ஹால் என்று கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்தவன்தான். அந்த அறையில் கண் திறந்திருக்கிற ஒரே ஆள் பாடுகிறவர் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பாட்டு நடுவில் அறுந்தால் அதோடு சரி. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் வரி மறந்து தடுமாறினார். அருணாதேவி அம்மா எழுந்து வந்து மணியை அடித்து, "இன்னிக்கு இவ்ளோதாங்க, எல்லாரும் டீ சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அந்த மனிதர் பிறகு அந்தப் படி ஏறவே இல்லை.

பல வருடம் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். போன ஐப்பசியில் தைரியம் வந்து, கீழே காபிக்கடையில் வைத்து அந்த அம்மாவிடம் ஒரு பல்லவி பாடிக் காட்டினேன்.

"பாட்டு உங்களுதா சார்? நீங்களே எழுதினதா?"

"ஆமாங்க மேடம்."

"கார்த்திக தீபம் கூட்டமெல்லாம் போவட்டும், அப்புறம் ஒருநாள் வாங்க. மூணு சரணம் போதும். ஜாஸ்தி நீட்டாதீங்க."

அன்று பஸ் ஏற மறந்து வீடுவரை நடந்தே வந்துவிட்டேன்.

தனம் வர மறுத்தாள். பனிக்காலத்தில் அவளுக்கு வீசிங் அதிகமாகும். இன்ஹேலர் இல்லாமல் பக்கத்து வீட்டுக்குக்கூடப் போகமாட்டாள். "நெஞ்சு கட்டிக்கினு இருக்குதுங்க. நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்லயே இருக்கேன்" என்றாள்.

"ஒரே ஒரு பாட்டு. அதயாச்சும் முழுசா கேளு தனம்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "மோட்டார் போடாத பாடினா நான் ஏன் உங்கள நடுவுல கூப்புடப் போறேன்?" என்றாள். பிறகு கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். வாசலில் பூக்காரியை நிறுத்தி மல்லிகை வாங்கினாள். "என் வீட்டுக்காரரு இன்னிக்குப் பாடறாரு" என்று அவளிடம் சொன்னதை நான் உள்ளே இருந்து கேட்டேன். இந்த வரியை ஒருமுறை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். நிதானமாக எழுதுகிறேன்.

கூடத்தின் வாசலில் பைகளும் போன்களும் வைக்க மர அலமாரி இருக்கிறது. உள்ளே எதையும் கொண்டுபோகக் கூடாது. அருணாதேவி அம்மா சாம்பிராணித் தட்டோடு நின்று, எப்போதும் கேட்பதுபோல வந்தவர்களைக் கேட்டார். "யாருக்காச்சும் பொக ஆவாதுன்னா சொல்லிடுங்க, நான் உள்ள வெக்கல." தனம் என்னைப் பார்த்தாள். "அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்று நான் சொன்னேன். மற்றவர்கள் பாடியபோது அந்த அறை எப்படி மணந்ததோ, என் பாட்டுக்கும் அப்படி மணக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வேறு காரணம் எதுவும் அப்போது மனதில் இல்லை.

தனம் கைப்பையை அலமாரியில் வைத்தாள். இன்ஹேலரை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டாள்.

"இது மட்டும் கையில இருக்கட்டுங்க."

"குடு, நான் வெச்சிக்கிறேன். வேணும்னா கேளு."

அதை வாங்கி என் ஜிப்பா பையில் போட்டுக்கொண்டேன். இன்ஹேலர் வெளியே அவள் கைப்பையில் இருந்தது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய். அதை அவள் கையில் விட்டால் பாட்டு நடுவே 'புஸ்' என்று அடிப்பாள், அந்தச் சத்தம் கேட்கும் என்று நினைத்தேன். இது உண்மை.

அவளை முன்வரிசையில், சுவரோரம் உட்கார வைத்தேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம்கூட இல்லை. இடது கையால் சுருதிப்பெட்டியின் துருத்தியை அசைத்துக்கொண்டு பாடத் தொடங்கினேன்.

மழைக்கு ஒதுங்குன மாடாட்டம்
மலையோரம் நிக்குது மனசு

நாற்பது பேரும் கண்ணை மூடினார்கள். தனமும் மூடினாள். என் குரல் அறை முழுக்கப் போய்த் தொட்டுத் திரும்பி வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஐயா. யாரும் இருமவில்லை, நகரவில்லை. இப்படி ஒரு இடத்தில் இருக்கத்தான் நான் பிறந்தேன் என்று தோன்றியது.

முதல் சரணம் முடிவதற்குள் அவள் முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு இருமினாள். இரண்டாம் சரணத்தில் கண்ணைத் திறந்தாள். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பையைச் சுட்டிக் காட்டினாள். நான் இதோ என்பதுபோலத் தலையசைத்துவிட்டுப் பாடினேன். இந்தச் சரணம் முடியட்டும், கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். வீட்டில் எத்தனையோ தரம் அவளுக்கு இப்படி வந்திருக்கிறது, மருந்து அடித்த கொஞ்ச நேரத்தில் சரியாகியும் இருக்கிறது.

இரண்டாம் சரணம் முடிந்தது. நான் கொடுக்கவில்லை.

அவளுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வரத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் லேசாகத் தலையைத் திருப்பினார். நான் சுருதிப்பெட்டியை நன்றாகத் திறந்துவிட்டு, குரலையும் தூக்கினேன். அவர் மறுபடி அசையாமல் உட்கார்ந்தார். நீங்கள் விசாரித்தபோது அது சுருதிப்பெட்டியின் காற்று என்று நினைத்ததாகச் சொன்னாராம். அவர் நினைத்ததில் தப்பில்லை. அப்படி நினைக்கட்டும் என்றுதான் நான் செய்தேன்.

நான் எழுந்திருக்கக்கூட வேண்டியதில்லை. வலது கை சும்மாதான் இருந்தது. பையிலிருந்து எடுத்து அவள் மடியில் போட்டிருக்கலாம். பாட்டுக்கூட நின்றிருக்காது. பிறகு ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். நானும் தினம் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த பதிலை எழுதுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து நான் பாடும்போது அவள் என் முகத்தைப் பார்த்ததில்லை. கீரை ஆய்வாள், துணி மடிப்பாள். அன்றுதான் கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் கண் திறந்திருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அந்தப் பார்வை கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது.

அவள் கத்தியிருக்கலாம் என்று என் மனது எனக்காக வாதாடிப் பார்த்தது. மூச்சு இல்லாதவள் எதை வைத்துக் கத்துவாள்? பக்கத்தில் இருப்பவரைத் தட்டிக் கூப்பிட்டிருக்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தது. அதை அவள் செய்யவில்லை. பாட்டு அறுந்தால் எனக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கோயம்புத்தூர்க்காரர் கதையை நானே பலமுறை அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் சரணமும் முடிந்தது. அவள் சுவரில் சாய்ந்து, உதடு நீலமாகி, உயிரோடு இருந்தாள். இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். என் கை மணிக்குப் போனது. அதே நேரத்தில் அவள் வலது கையை என் பக்கம் நீட்டினாள். உள்ளங்கை விரிந்திருந்தது, விரல்கள் நடுங்கின. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு வரி வந்தது. உட்கார்ந்து யோசித்து எழுதியதில்லை, தானாக வந்தது. வாழ்க்கையில் அப்படி எனக்கு ஒரு வரியும் வந்ததில்லை. மணியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

கைய நீட்டி யாரோ கேக்குறாங்க
காத்தத் தவிர எங்கிட்ட என்ன இருக்கு

அதிலிருந்து ஒரு சரணம் முழுதாகக் கட்டினேன். அங்கேயே, அவளைப் பார்த்துக்கொண்டே கட்டினேன். முதல் இரண்டு வரியை இரண்டு தரம் பாடினேன். இரண்டாம் தரம் பாடும்போது கை கீழே விழுந்தது. மிச்ச வரிகளையும் பாடி, பல்லவிக்குத் திரும்பி, முறையாக முடித்துவிட்டு மணியை அடித்தேன்.

எல்லாரும் கண் திறந்தார்கள். தனம் பாட்டில் தோய்ந்துபோய் உட்கார்ந்திருப்பதாக நினைத்து ஒருவர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகுதான் கூச்சல் எழுந்தது. ஆட்டோ பிடிக்க எல்லாரும் ஓடியபோது நானும் வெளியே ஓடினேன். இன்ஹேலரை அவள் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். அப்போது என் கை நடுங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே உயிர் போயிருந்ததாக டாக்டர் சொன்னார்.

பையை வெளியே வைக்கச் சொன்னதால்தான் பெண் செத்தாள் என்று அவள் சொந்தக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். காரியம் முடிந்த மறுநாள் அருணாதேவி அம்மா என் வீட்டுக்கு வந்தார். அந்தக் கூடத்தைத் தவிர அவருக்கு வேறு எதுவும் இல்லை. என் காலில் விழுந்து, "நான்தான் சார் அவங்கள கொன்னுட்டேன். இனிமே அந்தக் கதவத் தொறக்கமாட்டேன்" என்று அழுதார். நான் அவரைத் தூக்கி நிறுத்தி, "விடுங்க மேடம். உங்கமேல எனக்கு வருத்தம் இல்ல" என்றேன். அவரை மன்னித்து அனுப்பினேன், ஐயா. நான் செய்ததிலேயே கேவலமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

தனத்தின் தம்பி மாறன் கல்யாண நாளிலிருந்து என்மேல் உயிரையே வைத்திருப்பவன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அக்கா உங்க பாட்ட கேட்டுக்கினே போச்சி. எத்தினி பேருக்குக் கெடைக்கும் இந்த மாதிரி சாவு?" என்றான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தால் அவள் கைதான் தெரிகிறது. நேற்று அருணாதேவி அம்மாவை மறுபடி ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று மாறன்தான் சொன்னான். கேட்டபிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. காலையில் கிளம்பி வந்துவிட்டேன்.

என் மனைவி தனத்தின் மூச்சு என் பையில் இருந்தது. அவள் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. நான்தான் அவளைக் கொன்றேன். யாரும் என்னை மிரட்டி இதை எழுதவைக்கவில்லை. அந்த அம்மாவை விட்டுவிடுங்கள், கூடத்தின் சாவியையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். எனக்கு என்ன தண்டனை வந்தாலும் சரி, அது கம்மி என்றுதான் நினைப்பேன்.

இதை டைப் செய்யப்போகிறவரிடம் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். என் மற்ற வாக்கியங்களை அவர் எப்படி வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளட்டும். நாலாவது சரணத்தின் அந்த இரண்டு வரியை மட்டும் அப்படியே எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வார்த்தை மாறினாலும் பாட்டு கெட்டுவிடும்.