மலைலாரியின் சோர்ஸ் கோடு

மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறும்போது எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இருபதாவது வளைவுக்குள் வயிற்றைப் புரட்டிவிடும். ஜனவரியில் மாதேஸ்வரனைப் பார்க்கப் போன அன்று ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். அவர் ஊரையும் உடம்பையும் விசாரித்துக்கொண்டே வந்தேன். நான் அப்படிப்பட்டவள்தான் சார். நீங்கள் எழுதிக்கொள்வதில் அது விட்டுப்போகக் கூடாது.

'மலைலாரி' என்ற விளையாட்டை நீங்களும் ஆடியிருக்கலாம். இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் பிரவுசிங் சென்டர்களில் அதற்காகவே வரிசை நிற்கும். அன்னாசிப்பழம் ஏற்றிய லாரியை, எழுபது வளைவிலும் பழம் சிந்தாமல் இறக்க வேண்டும். சேலத்தில் ஒரு சின்ன கம்பெனியில் நாங்கள் இரண்டு பேர் செய்தது. படங்கள் நான் வரைந்தேன். புரோகிராம் முழுக்க மாதேஸ்வரன். மலைமேல் இருக்கும் பைல் நாட்டுக்காரர், இந்த ரோட்டில் லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவர்.

கம்பெனி மூடியபோது, அவர் எழுதிய சோர்ஸ் கோடு, அதாவது புரோகிராமின் மூல வரிகள், இருந்த ஒரே ஹார்ட் டிஸ்க் காணாமல் போனது. மாதேஸ்வரன் தொலைத்துவிட்டார் என்று பேச்சாகி, அதன் பிறகு அவருக்கு ஒருவரும் வேலை தரவில்லை. மலைக்கே திரும்பினார்.

போன வருசம் நான் வேலை பார்க்கும் சென்னை கம்பெனி, மலைலாரியை இன்றைய போன்களுக்குப் புதிதாகக் கொண்டுவர உரிமை வாங்கியது. பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கடையில் விற்ற சிடி இருந்தது. ஆனால் சிடியில் இருப்பது மெஷினுக்கு மட்டும் புரிகிற எண்கள். வைத்த குழம்பை ருசி பார்த்து, எதை எப்போது போட்டார்கள் என்று கண்டுபிடிக்கிற வேலை அது. நாலு பேர் எட்டு மாதம் உட்கார்ந்தோம். பழைய கம்ப்யூட்டரின் வேகத்துக்கு அளந்து எழுதியது என்பதால் புதிய போனில் லாரி பறந்தது. வேகத்தைக் குறைத்தால் வளைவில் சாய மறுத்தது. ஆடிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே எழுதினார்கள்: இது அந்த லாரி இல்லை. மார்ச்சுக்குள் முடியாவிட்டால் நிறுத்திவிடலாம் என்று மேலே சொல்லிவிட்டார்கள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. பேர் சொல்லும்படி வேறெதுவும் நான் செய்திருக்கவில்லை.

அந்த வரிகள் இனி இருக்கக்கூடிய இடம் மாதேஸ்வரனின் தலை மட்டும்தான்.

அவருக்கு ஆறு வருசமாக வலிப்பு. மாத்திரையால் அது கட்டுப்பட்டிருந்தது, ஆனால் ஆளே மந்தமாகியிருந்தார். ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவில் நான் காபியே குடித்து முடிக்கலாம். என்னை அடையாளம் மட்டும் தெரிந்தது. அவர் வீட்டிலேயே தங்கிக்கொண்டேன்.

"டிஸ்க்க நான்தான் எங்கியோ போட்டுட்டேன் அருளு. மன்னிச்சுக்க" என்றார். தினமும் காலையில் இதைச் சொல்வார். "பரவால்ல, விடுங்க" என்பேன்.

அவர் மனைவி பாப்பாத்தி முதல் நாளே மாத்திரை டப்பாவை என் கையில் கொடுத்தாள். "நான் மொளகு பறிக்கப் போயிருவேனுங்க்கா. காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. நீங்க படிச்சவங்க, உங்க கையால குடுத்துருங்க." டப்பாவுக்குள் மடித்திருந்த டாக்டர் சீட்டையும் படித்தேன். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. பாப்பாத்திக்கு இங்கிலீஷ் தெரியாது.

இரண்டு நாள் பாதியாகக் குறைத்தேன். மூன்றாம் நாளிலிருந்து கொடுக்கவில்லை. அவருக்கு ஏதாவது விழுங்கினால்தான் நிம்மதி, அதனால் நான் சாப்பிடும் சத்து மாத்திரையைக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் பழைய மாதேஸ்வரன் எழுந்து உட்கார்ந்தார். "லாரிய ஏன் சாய்க்கறீங்க அருளு? லாரி சாயாது. பழந்தான் மொதல்ல சாயும், லாரி அது பின்னால போவும்" என்றார். எட்டு மாதமாக எங்களுக்குப் பிடிபடாதது அது. அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். சில வரிகளை அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். "இவரு இப்பிடிச் சிரிச்சு ஆறு வருசமாச்சுங்க்கா" என்று பாப்பாத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுவில் அவர் கை வெட்டி இழுத்து டம்ளர் இரண்டு முறை விழுந்தது. பிளாஸ்டிக் டம்ளருக்கு மாற்றினேன்.

பதினெட்டாம் நாள், வியாழக்கிழமை மதியம், லாரி எழுபதாவது வளைவையும் இறங்கியது. அதே லாரி. மாதேஸ்வரன் அதை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டிஸ்க்க நான் தொலைக்கல அருளு. கம்பெனி மூடுன அன்னிக்கு உன் கையிலதான் குடுத்தேன்."

நான் மறுக்கவில்லை. என் கல்யாண வீடியோக்காரர் காலி டிஸ்க் கேட்டார், இருந்ததைக் கொடுத்தேன். அழித்துவிட்டு அதில்தான் வீடியோவை ஏற்றினார். அந்தக் கல்யாணம் மூன்று வருசம்கூட நிற்கவில்லை என்பது வேறு விசயம்.

அவர் கோபப்படவில்லை. "இருவது வருசமா என்னையத்தான் திருடன் மாதிரி பார்த்தாங்க" என்று மட்டும் சொன்னார். "திங்கக்கெழம உங்க ஆபீசுக்குப் போன் போட்டு டிஸ்க்கு விசயத்த நானே சொல்லிர்றேன். நீ சங்கடப்படாத" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, வாசலில் காயப்போட்டிருந்த மிளகின் மேல் விழுந்தார். வலிப்பு நிற்கவே இல்லை. நான் உடனே 108க்குப் போன் செய்தேன், அதை நீங்கள் பதிவில் பார்க்கலாம். வண்டி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். "மாத்திர குடுத்தீங்களாக்கா?" என்று பாப்பாத்தி கேட்டாள். கொடுத்தேன் என்றேன். ஏதோ ஒரு மாத்திரை கொடுத்தேன் என்பது உண்மைதானே.

வேலைக்காக மாத்திரையை நிறுத்தினேன் என்று வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். வியாழன் மதியம் வரைக்கும் அது சரி. அதற்குப் பிறகு வேலை எதுவும் பாக்கி இல்லை. வியாழன் ராத்திரி, வெள்ளி, சனி, ஞாயிறு காலை, எல்லா வேளையும் டப்பா என் கைப்பையில்தான் இருந்தது. கேட்டால் எடுத்துக் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை. நான் அவரைத் தொடக்கூட இல்லை சார், கொடுக்காமல் மட்டும்தான் இருந்தேன்.