டாக்டர் எழுதாத பத்தியம்

தம்பி சங்கரபாண்டியனுக்கு,

இந்த வருஷம் கத்தரிக்காய் நல்ல மலிவு. திருச்சுழிப் பக்கமிருந்து கூடை கூடையாக வந்து இறங்குகிறது. நேற்று அரைக் கிலோ வாங்கிப் புளிக்குழம்பு வைத்தேன். உங்கள் அண்ணன் போய் நாற்பத்தோரு நாள் ஆகிறது. இனி இந்த வீட்டில் கத்தரிக்காய்க்குத் தடையில்லை.

மருந்தை ஒழுங்காக இழுத்தாரா, இழுத்தும் ஏன் கேட்கவில்லை என்று சிங்கப்பூர் டாக்டர் விசாரித்ததாக எழுதியிருந்தீர்கள். பாவம், அவர் மருந்தின் மேல் பழி விழக்கூடாது. அதனால் நடந்ததை எழுதுகிறேன். ஆத்திரப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

கல்யாணமாகிப் பதினொரு வருஷம். அதில் முதல் எட்டு வருஷம் உங்கள் அண்ணன் பஞ்சுக் கமிஷன் கடைக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார். இன்று பரளச்சி, நாளை மல்லாங்கிணறு. வந்தால் சோறு, படுத்தால் தூக்கம். கெட்டவர் இல்லை. ஒரு நாளும் கை நீட்டியதில்லை. வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதுதான் அவருக்கு ஞாபகம் வராது. பிள்ளையும் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிய நான் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

எழுபத்து நாலில் அவருக்கு மூச்சிழுப்பு வந்தது. பஞ்சுத் தூசி ஒரு பக்கம், நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் ஒரு பக்கம். கடையைக் கணக்கப்பிள்ளை பால்சாமியிடம் விட்டுவிட்டு வீட்டோடு கிடந்தார். நாற்காலியில் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பார். நான் முதுகைத் தடவிக்கொடுப்பேன். மூச்சு கொஞ்சம் அடங்கியதும் பேசுவார். நான் பள்ளிக்கூடத்தில் கோகோ ஆடியதும், எனக்குப் பாம்பைவிடப் பல்லிக்குத்தான் பயம் என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரியும். கிட்ட இருந்தால் முட்டப் பகை என்பார்கள். எங்கள் விஷயத்தில் அது பொய்த்துப் போனது. நான் சந்தோஷமாக இருந்தேன், தம்பி. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

மறு வருஷக் கடைசியில் உங்கள் பார்சல் வந்தது. வாயில் வைத்து அமுக்கினால் புஸ்ஸென்று சீறும் மருந்துக் குப்பிகள். கூடவே டாக்டர் இங்கிலீஷில் எழுதிய ஒரு தாள். ‘அண்ணி படித்துச் சொல்லட்டும், அதன்படியே நடக்கவும்’ என்று நீங்கள் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் டாக்டர் எழுதியிருந்தது இதுதான்: ‘இது ஸ்டீராய்டு மருந்து, காலையில் இரண்டு தடவை, ராத்திரி இரண்டு தடவை இழுக்க வேண்டும். சிகரெட் குடிப்பவர்களுக்கு இது சரியாக வேலை செய்வதில்லை என்று நான் பார்த்திருக்கிறேன், ஆகவே சிகரெட்டை அறவே விட வேண்டும். விட்டால் இரண்டு மாதத்தில் பழையபடி ஊர் ஊராகப் போய்த் தொழில் பார்க்கலாம்.’

‘பழையபடி’ என்று எழுதியிருந்ததை நான் நாலைந்து தடவை படித்தேன்.

“பத்தியம் உண்டா?” என்று உங்கள் அண்ணன் கேட்டார். நம் ஆட்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே. பத்தியம் இல்லாத மருந்தை மருந்தென்றே மதிக்கமாட்டார்கள்.

“உண்டு. கத்தரிக்கா, மோரு, கருவாடு, எண்ணெய்க் குளியல், நாலும் ஆகாது.”

“சிகரெட்டு?”

“அதப் பத்தி ஒண்ணும் எழுதல.”

“நெசமாவா?” என்றவர் சிரித்துவிட்டார். “அந்த டாக்டரும் ஊதுற ஆளாத்தான் இருப்பாரு.”

இந்த ஊர் டாக்டர்கள் சொன்னபோதெல்லாம் அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. நீங்கள் அனுப்பிய தாள் சொன்னால் அன்றைக்கே விட்டிருப்பார். அது எனக்குத் தெரியும்.

பத்தியத்தை அவர் காத்ததுபோல் யாரும் காத்திருக்க மாட்டார்கள். மோர் இல்லாமல் ஒரு வாய் இறங்காத மனுஷர். மல்லாங்கிணற்றுக் கல்யாணப் பந்தியில் மோர் ஊற்ற வந்தவரை இலைமேல் கையை வைத்து மறித்தார். மருந்தையும் நேரம் தவறாமல் இழுத்தார். இழுத்து முடித்ததும் சிகரெட்டை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். மருந்து ஓரளவு தூக்கிவிடும், புகை அதை மறிக்கும். இரண்டுக்கும் நடுவில் அவர் எனக்குக் கிடைத்தார்.

இந்தச் சித்திரையில் அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது.

“இத ஊதுனா நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு, கஸ்தூரி. விட்டுரலாமான்னு பாக்கேன்.”

நான் தாளை எடுத்து வந்து, விரலை வரிமேல் ஓட்டிப் படித்தேன். “பழக்கப்பட்டவுக ஒரேடியா விட்டா நெஞ்சு இறுகிரும்னு போட்டிருக்கு.”

“நல்லவேளை, கேட்டேன்,” என்றார். “நீ இல்லன்னா எனக்கு யாரு வாசிச்சுச் சொல்லுவா?”

அன்றைக்கு அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஐப்பசியில் மழை பிடித்த மூன்றாம் நாள் காலை, இழுப்பு கண்டு அடங்கவே இல்லை. உதடு நீலம் பாரித்தது. மதுரைக்குக் கொண்டுபோக பால்சாமி கார் பிடிக்க ஓடினார். குப்பியை வாயில் வைத்தேன், உள்ளே இழுக்க அவரிடம் மூச்சில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

“பத்தியத்த... நான் முறிக்கலையே?”

“இல்ல. நீங்க ஒண்ணுமே முறிக்கல,” என்றேன்.

அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. முகத்தில் தெரிந்தது. கார் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தில் குறையில்லை. தாளை வாசித்தவள் நான். அதில் இல்லாததைச் சேர்த்தவளும் இருந்ததை விட்டவளும் நான்தான். அண்ணனைக் கொன்றுவிட்டாய் என்று நீங்கள் சொல்வீர்கள். போலீசில் காட்ட வேண்டுமானால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள், மறுக்கமாட்டேன். ஆனால் அவரைச் சாகவிட வேண்டுமென்று நான் நினைத்ததே இல்லை. அவர் எழுந்து போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். மருந்து வந்த பிறகும் இரண்டு வருஷம் என் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தார். இந்தத் தெருவில் வேறு எவளை அவள் புருஷன் அப்படி வைத்திருந்தான், சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அண்ணி கஸ்தூரி