தொண்ணூறு நாள் நடை

பூங்காக்களில் புல்மேல் நடக்காதீர்கள் என்று பலகை வைத்திருப்பார்கள். நான் இருபத்திரண்டு வருடமாகப் புல்மேல் ஆட்களை நடக்கவிட்டுச் சம்பளம் வாங்கியவன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று நீங்கள் விசாரித்தபோது எங்கெங்கோ தொடங்கிப் பேசினேன். மறைப்பதற்காக இல்லை. எங்கிருந்து தொடங்கினால் உங்களுக்குப் புரியும் என்று யோசித்தேன். எழுதித் தருகிறேன் என்றதும் தாள் கொடுத்தீர்கள். நன்றி.

கொல்லிமலையில் ஒரு புல் பண்ணை இருப்பதே பலருக்குத் தெரியாது. மிளகும் காபியும் விளைகிற மண்ணில் புல் வளர்க்கிறவனை யார் மதிப்பார்கள்? விளையாட்டு மைதானங்களுக்கு ஏற்ற அருகம்புல் ரகம் ஒன்றை உருவாக்குவதுதான் என் வேலை. மலை முழுக்க அலைந்து நாலாயிரம் செடிகள் சேகரித்தேன். வருடா வருடம் ஆட்களை மிதிக்கவிட்டுக் கழித்துக் கழித்துக் கடைசியில் நான்கு மிஞ்சின. அதில் முப்பத்தொன்றாம் எண், பைல் நாடு என்கிற மலைப்பகுதியில் ஒரு பாறை இடுக்கில் கிடைத்தது. சன்னமான இலை, ஆழமான வேர். எவ்வளவு மிதித்தாலும் எழுந்துவிடும்.

எழுந்துவிடும் என்று எனக்குத் தெரியும். புது ரகங்களுக்கு ஒப்புதல் தரும் குழுவுக்கு நிரூபிக்க வேண்டும். பன்னிரண்டு பாத்திகள், ஒரு ரகத்துக்கு மூன்று. ஆணி வைத்த ஷூ போட்ட ஒருவர் ஒவ்வொரு பாத்தியிலும் தினம் நாற்பது தடவை நடக்க வேண்டும், தொண்ணூறு நாள். ஒரே ஆள், ஒரே எடை, ஒரே நடை. இதற்கு ஓர் உருளை இயந்திரம் இருக்கிறது. நான்கு வருடம் கேட்டு எழுதினேன். அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும் என்று நான்கு பதில்கள் வந்தன. முதல் பதிலில் இருந்த எழுத்துப்பிழை நான்காவதிலும் அப்படியே இருந்தது.

முதல் முறை அண்ணாமலை என்பவர் நடந்தார். ஐம்பத்திரண்டாம் நாள் வந்து, "நாளைலருந்து வரமாட்டனுங்க சார், மொளகு பழுத்து உதிருது" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு ஆளை வைத்து முடித்தேன். நடப்பவர் மாறியதால் ஏற்க இயலாது என்றது குழு. அடுத்த வருடம் அறுபத்தொன்றாம் நாள் காட்டுப்பன்றி புகுந்து எட்டுப் பாத்திகளைக் கிளறிவிட்டது. அன்று காலை முழுவதும் அந்த மண்ணில் நின்றேன்.  

மூன்றாவது முறைதான் கடைசி. மார்ச்சில் திட்டம் முடிகிறது. மே மாதம் எனக்கு ஓய்வு.

ராசுவைத் தேடிக் கண்டுபிடித்தது நான்தான். பெரக்கரை நாட்டுக்காரர், ஐம்பத்தொரு வயது. இளம் வயதில் பலாப்பழச் சுமை தூக்கி நடந்த உடம்பு. அறுபத்திரண்டு கிலோ. ஒவ்வொரு எட்டும் அளந்து வைத்தது போல விழும். முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க சார், மாடு மிதிச்சா கல்லெடுத்து அடிக்கறீங்க. நான் மிதிச்சா சம்பளம் குடுக்கறீங்களே."

மதியச் சோறு கொண்டுவரும் அவர் மனைவி மாதம்மாள் கேலி செய்யாமல் விடமாட்டார். "இந்த மனுசன் நாள்பூராம் நடக்குது சார். ஒரு ஊருக்கும் போய்ச் சேரக் காணோம்."

"வாயை மூடிட்டுச் சோத்தைப் போடு புள்ள, எண்ணிக்கை தப்பிடும்" என்பார் ராசு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தொண்ணூறு நாளில் ஒரு தடவைகூட எண்ணிக்கை தப்பியதில்லை. மன்னிக்கவும், எண்பத்தாறு நாளில்.

அறுபத்து நான்காம் நாள் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்தார். எழுபதாம் நாள் பண்ணைக்குப் பக்கத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். போய்வரச் சொன்னதும் நான்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் மாலை முகாமின் நர்ஸ் கிருஷ்ணகுமாரி சிஸ்டர் ஒரு சீட்டோடு பண்ணைக்கு வந்தார். ராசு அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார்.

"சார், இவருக்கு ஹார்ட் ரொம்ப மோசமா இருக்கு. நாளைக்கே நாமக்கல் கூட்டிட்டுப் போகணும். அதுவரைக்கும் நடக்கவே விடாதீங்க."

சரி சிஸ்டர் என்றேன். அவர் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. மூன்று நாள் கழித்துப் போனில் கேட்டார். அனுப்பிவிட்டேன் என்றேன். சீட்டைப் பண்ணைக் குறிப்பேட்டில், எழுபத்தொன்றாம் நாள் பக்கத்தில் வைத்திருந்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பத்தொன்பது நாள்தான் பாக்கி. அறுபத்து நான்காம் நாளிலிருந்து ஏழு நாள் நடந்த மனிதருக்கு இன்னும் பத்தொன்பது நாள் நடக்க முடியாதா என்றுதான் கணக்கிட்டேன். ராசுவிடம் வெறும் வாயு என்று சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். "அப்பவே நெனச்சனுங்க, மொச்சைக்கொட்டை வேலைதான்" என்று சிரித்தார்.

எழுபத்தைந்தாம் நாள் தராசு அறுபத்து நான்கு காட்டியது. கால் வீங்கியிருந்தது. ஷூவின் கயிற்றை நானே தளர்த்திக் கட்டிவிட்டேன். ஆனால் இரண்டு கிலோ கூடினால் பாத்தியில் விழும் அழுத்தம் மாறும். அதனால் காலையில் சாப்பிடாமல் வரச் சொன்னேன். போதவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றிவைத்துவிட்டு நடக்கச் சொன்னேன். மார்கழி மாதம். மடித்து ஓரத்தில் வைத்துவிட்டு நடந்தார். நடையும் தளர்ந்தது, ஓரத்தில் நின்று கைதட்டினேன், தட்டுக்கு ஓர் எட்டு.

அன்று சோறு கொண்டுவந்த மாதம்மாள் சிரிக்கவில்லை. "ஏனுங்க சார், முகாம்ல எழுதுனாங்களே, அந்தச் சீட்டு வந்துச்சுங்களா? ராத்திரி படுக்க முடியாம உக்காந்தே கெடக்கறாரு."

"இன்னும் வரலை" என்றேன்.

"வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. எங்களுக்கு வேற யாரு இருக்கா."

எண்பத்தாறாம் நாள் காலை பதினொரு மணிக்கு, ஒன்பதாம் பாத்தியில், இருபத்து மூன்றாவது தடவையை முடிக்கும்போது ராசு விழுந்தார். முதலில் மண்டியிட்டார், பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார். நான் இன்னும் இரண்டு முறை கைதட்டினேன். பழக்கம்தான், வேறொன்றுமில்லை. ஜீப் வரவழைத்தேன். ஏற்றும்போதே உயிர் இல்லை.

ஜீப் போன பிறகு ஒன்பதாம் பாத்தியில் பதினேழு தடவை பாக்கி இருந்தது. மேலும் மூன்று பாத்திகள். அவருடைய ஷூவைக் கழற்றி வைத்திருந்தேன். என் எடை ஐம்பத்தெட்டு. நான்கு கிலோ கல்லை ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன். அன்றைய மீதியையும் அடுத்த நான்கு நாளையும் நானே நடந்தேன். அப்போதுதான் அது எவ்வளவு கடினமான வேலை என்று தெரிந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாதம்மாள் என்னை அழைத்தார். போனேன். இலை போட்டுப் பரிமாறினார். "சார்தான் மாத்திரையெல்லாம் வாங்கிக் குடுத்துப் பாத்துக்கிட்டாரு" என்று சொந்தக்காரர்களிடம் சொன்னார். சாப்பிட்டேன்.

சீட்டை மறைத்தேன். அவர் இறந்துவிடக்கூடும் என்று தெரிந்தேதான் நடக்கவிட்டேன். இதை யாரும் மிரட்டி எழுதவைக்கவில்லை.

என்ன வருத்தம் என்று கேட்டீர்களே. ஒன்று இருக்கிறது. அறிக்கையில், தொண்ணூறு நாளும் ஒரே ஆள் நடந்தார் என்று எழுதிவிட்டேன். அது பொய். வாழ்நாளில் நான் எழுதிய ஒரே பொய்யான வரி. அதைத் திருத்தி அனுப்ப அனுமதி கொடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். ஒன்பதாம் பாத்தியில் இருப்பது முப்பத்தொன்றாம் எண். அவர் விழுந்த இடத்தில் ஓர் ஆள் நீளத்துக்குப் புல் படிந்து கிடந்தது. நடை முடிந்த பதினோராம் நாள் அளந்தேன். முழுவதும் எழுந்துவிட்டது. இடம் பார்க்க வரும்போது உங்கள் ஆட்கள் அதன்மேல் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.