சிவப்பு லைட்டும் தூக்குன கையும்

எது மலிவு, மெஷினா மனுஷனான்னு கேட்டீங்கல்ல? நாளைக்கு இன்ஜினியராகி ஃபேக்டரிக்குப் போகப்போற பிள்ளைங்க நீங்க... கேக்க வேண்டிய கேள்விதான். நேரா பதில் சொன்னா மறந்துடுவீங்க. ஒரு சின்னக் கதையாவே சொல்லிடறேன்... கேளுங்க.

ஒரு செல்போன் கம்பெனி. அங்க எழிலரசின்னு ஒரு பொண்ணு. வந்தவாசிப் பக்கம். வேலை என்ன? போன் மேல கண்ணாடியை வச்சு ஒட்டணும். லைன் ஓடிக்கிட்டே இருக்கும். பாத்ரூம் போகணும்னா கையைத் தூக்கணும். மாத்து ஆள் வந்து உக்காந்தாத்தான் எந்திரிக்கலாம்.

ஒருநாள் அவ பக்கத்துல ஒரு மெஷினைக் கொண்டாந்து வச்சாங்க. அதுக்கும் அதே வேலை. சூப்பர்வைசர் சொன்னாரு, "எழிலு, இந்த வாரம் ரெண்டு பேரும் செய்ங்க. யாருக்குச் செலவு கம்மியோ, அவங்க இருக்கலாம்."

கவனிச்சீங்களா... "ரெண்டு பேரும்"னாரு. மெஷினையும் ஒரு ஆளா சேத்துட்டாரு.

எழில் என்ன பண்ணா? தண்ணி குடிக்கிறதை விட்டுட்டா. குடிச்சாத்தானே எந்திரிக்கணும்? அவ சம்பளத்தை நம்பி ஊர்ல ஒரு தங்கச்சி காலேஜ்ல படிக்குது... உங்களை மாதிரி.

வாரக் கடைசி. தண்ணி குடிக்காம நீர்க்கடுப்பு... அடிவயித்துல வலி. தாங்க முடியல. கையைத் தூக்குனா. சூப்பர்வைசர் பாத்தாரு.

"இப்ப வேணாம்மா. டெஸ்ட் ஓடுதுல்ல."

மறுபடியும் தூக்குனா.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா."

பொறுத்துக்கிட்டா... என்ன பண்ணுவா?

அப்பத்தான் பக்கத்துல இருந்த மெஷின் நின்னுச்சு. அது தலையில சிவப்பு லைட்டு எரியுது. ஓடுனாங்க பாருங்க... சூப்பர்வைசர் ஓடுறாரு, இன்ஜினியர் ஓடுறாரு. மூடியைத் திற... ஃபேனைத் திருப்பு... இன்ஜினியர் சொல்றாரு,

"சூடாயிடுச்சு சார். கொஞ்ச நேரம் சும்மா விடுங்க. அதுக்கு ரெஸ்ட் வேணும்."

எழில் கேட்டா. சத்தம் போட்டெல்லாம் கேக்கல.

"சார்... என் தலையில லைட்டு இல்ல. அதான் உங்களுக்குத் தெரியலையா?"

அவளே எந்திரிச்சுப் போனா.

கடைசில யாரு ஜெயிச்சா? மெஷின்தான். எப்படி ஜெயிச்சுது? அது நின்ன நேரத்துக்கு மெயின்டனன்ஸ்னு பேர் வச்சாங்க. இவ எந்திரிச்சுப் போன நேரத்துக்கு... வேஸ்ட்டுன்னு பேர் வச்சாங்க. திங்கக்கிழமை எழில் இடத்துல இன்னொரு மெஷின் நின்னுச்சு.

மெஷின் மேல எனக்குக் கோபம் இல்ல. அது என்ன பண்ணும், பாவம்? பேர் வச்சாங்களே... அவங்க மேலதான் கோபம். நாளைக்கு உங்க மேசைக்கும் இதே கேள்வி வரும். எது மலிவு? மெஷினோட ஓய்வு பராமரிப்பு, மனுஷியோட ஓய்வு வீண்... இப்படிப் போட்ட கணக்குல மனுஷி என்னைக்கு ஜெயிப்பா? அந்தக் கணக்குல மட்டும் கையெழுத்துப் போட்டுடாதீங்க. சிவப்பு லைட்டுக்கு ஓடுற காலு, தூக்குன கைக்கும் ஓடணும்.

அங்க... கடைசி வரிசையில யாரும்மா கையைத் தூக்கிக்கிட்டு? வெளிய போகணுமா?

போயிட்டு வாம்மா. அதுக்கெல்லாம் யாரையும் கேக்க வேணாம்.