நான் சிரித்த பாட்டு

பேச்சு நீளுமோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் அவைத் தலைவர் அவர்களே! ஆரவாரத்துக்கு அஞ்சாத ஆன்றோர்களே! எங்கள் ட்ரம்ஸ் சத்தத்தில் தூக்கம் தொலைத்தும் திட்டாமல் வளர்த்த தாய்மார்களே! என்னம்மா, திட்டினீர்களா? சரி, திட்டித் திட்டியே வளர்த்த தாய்மார்களே! முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் என் ஆருயிர்த் தோழன் கம்பியே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

கம்பி என்றால் கிடார். கிடார் என்றால் கம்பி! இருபது ஆண்டுகள் எங்கள் ராக் இசைக்குழுவின் பாட்டையெல்லாம் எழுதியவன் அவன். அதைப் பாடிக் கைதட்டல் வாங்கியவன் நான். வரி அவனுடையது, வாய் என்னுடையது. சுவரொட்டியில் பெரிய முகம் யாருடையது? என்னுடையது! அதற்குப் பின்னால் மங்கலாக ஒரு காது தெரியுமே, அதுதான் அவன்.

இன்று அவன் தனித்துப் பாடிய மூன்றாவது இசைத்தொகுப்பு வெளியாகிறது. விழாக் குழுவினர் என்னைப் பேச அழைத்தார்கள். அவன் சம்மதித்தானா, தெரியாது. அவன் என்னோடு பேசி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஏன் பிரிந்தோம்? பொறாமை என்றார்கள், புகழ்ப் போட்டி என்றார்கள். அத்தனையும் பொய், ஐயா!

ஒத்திகை அறையில் ஒரு மதியம். அவன் அப்பா இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. புதுப் பாட்டு ஒன்றைக் கிடாரில் வாசித்துக் காட்டிவிட்டு, அதை எழுதிய தாளை என்னிடம் நீட்டினான். நீட்டியவன் தாளை விடவில்லை. "டேய், இத மட்டும் நான் பாடட்டுமா?" என்றான். நான் என்ன செய்தேன்? சிரித்தேன்! "உன் குரலக் கேக்க யாருடா டிக்கெட் வாங்குவா?" என்றேன். அவன் கோபப்படவில்லை. கிடாரைத் துணியால் துடைத்தான், பெட்டியில் வைத்தான், போய்விட்டான்.

மறு ஆண்டு அவனுடைய முதல் தனிக் கச்சேரி. தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். கூட்டம் மொத்தமே அறுபது பேர். அதே பாட்டு. கிடாரில் முன்னிசை முடிந்தது. முடிந்ததும் என்ன செய்தான் தெரியுமா? மைக்கை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றான்! இருபது வருஷம் எனக்கு வழிவிட்டே பழகிய கால்கள், ஐயா! பாட ஆளில்லை. எனக்கோ பாட்டு தெரியும், தொண்டை துடிக்கிறது. வாயை இறுகப் பொத்திக்கொண்டேன்.

பிறகு அவனே முன்னால் வந்து பாடினான். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. உடையாதா பின்னே? எல்லாப் பாட்டையும் என் குரலின் உயரத்துக்கே எழுதிப் பழகியவன், இதையும் அப்படியே எழுதிவிட்டான்! நிறுத்தினான். "மன்னிச்சிடுங்க, இது வேற ஒருத்தரோட சுருதி. எனக்கு ஏத்த மாதிரி இறக்கிக்கிறேன்" என்றான். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். மெல்லத் தொடங்கினான்.

பக்கத்தில் இருந்த அம்மாள் கைப்பைக்குள் கைக்குட்டையைத் தேடினார். நான் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தேன். நான் பாடியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். அவன் பாடினான், அழுதார்கள்! அப்பாவை இழந்தவனின் வலி அப்பாவை இழந்தவன் குரலில்தானே வரும்? இது கூடவா எனக்குத் தெரியாமல் போயிற்று?

என்ன தம்பி? 'மறுபடியும் ஒண்ணா சேருங்க' என்கிறீர்களா? மாட்டேன்! உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இவனை மறுபடி இரண்டடி பின்னால் நிறுத்தாதீர்கள்! எழுதியவன் பாடட்டும்! இழந்தவன் பாடட்டும்! இத்தனை நாள் எனக்காக ஒதுங்கி நின்றவன், இனி தனக்காகப் பாடட்டும்!

கம்பி, அந்தக் கச்சேரி முடிந்த அன்றைக்கே உன்னிடம் வந்திருக்க வேண்டும். தைரியமில்லாமல் பின்வாசல் வழியாக ஓடிவிட்டேன். உன் அப்பாவுக்கு நீ எழுதிய பாட்டைக் கேட்டுவிட்டுச் சிரித்தேனே, தப்புதான். பெரிய தப்பு. இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு.

இருங்கள், எழுந்து நிற்கிறான். ஏதோ சொல்கிறான். அமைதி, அமைதி!

"போதும்டா. இறங்கி வந்து எம்பக்கத்துல உக்காரு."

கேட்டீர்களா? ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு என்னை 'டா' போட்டுக் கூப்பிட்டுவிட்டான்! இதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது, ஐயா. என் புலம்பலைப் பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.

இதோ வர்றேன்டா!