உத்தரவில் இல்லாத சித்தி

மாலை வகுப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கற்றதை வீட்டில் செய்து பார்ப்பார்கள். போன பருவம் தையல் கற்றேன்; அக்காவின் நல்ல ரவிக்கை ஒன்று பாழாயிற்று. இந்தப் பருவம் குழந்தை உளவியல்.

நீங்கள் கேட்டதால் வரிசையாகவே சொல்கிறேன், மேடம். எதையாவது விட்டுவிட்டேனோ என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு.

அக்காவும் மாமாவும் பிரிந்தபோது நீதிமன்றம் வெகுவாக யோசித்து உத்தரவு போட்டது. மூன்று வயதுப் பாப்பா அம்மாவிடம் இருப்பாள். சனிக்கிழமைகளில் இந்த நீதிமன்றக் கட்டடத்துச் சந்திப்பு அறையில், ஆலோசகரான உங்கள் முன்னிலையில், அப்பா பார்க்கலாம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது எல்லாம் நான். உத்தரவில் சித்தி என்ற சொல்லே இல்லை. அத்தனை பக்கத்திலும் இடம் போதவில்லை போலிருக்கிறது.

சனிக்கிழமை கூட்டி வருவதும் நான்தான். "அவர் மூஞ்சியப் பாத்தா எனக்குச் சண்டை போடத் தோணும். நீயே போயிட்டு வாடி" என்பாள் அக்கா. விடுமுறை முழுவதும் பாப்பாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள மாமா மனுப் போட்டதும் அதே அக்கா, "கேக்கறது நியாயம்தானேடி? உனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்" என்றாள். எனக்கு ஓய்வாம். என்ன கரிசனம்.

வகுப்பில் சொல்லித்தந்த பாடம் எளியது. ஒன்றை எப்போதும் வலியோடு சேர்த்தே கொடுத்தால், பிறகு வலி தேவையில்லை. அது வந்தாலே போதும்.

மதியம் பாப்பாவைத் தூங்கவிடாமல் கூட்டி வந்தேன். மாமா கதவைத் திறந்ததும், என் கைக்குள் இருந்த அவள் விரல்களை இறுக்கினேன். கிள்ளவில்லை. கிள்ளினால் தடம் விழும். தவிர, நான் அப்படிப்பட்டவள் இல்லை. முதல் தடவை அவள் என்னைத்தான் நிமிர்ந்து பார்த்தாள். முறையில் தவறோ என்று குழம்பிப்போனேன். அடுத்த தடவை அவள் முகத்தை மாமா பக்கம் திருப்பிவிட்டு இறுக்கினேன். சரியாக வந்தது. போகப் போக மாமாவின் செருப்புச் சத்தத்துக்கே அலறினாள். நீங்களும் 'தந்தையிடம் அச்சம்' என்று அழகான கையெழுத்தில் குறித்துக்கொண்டீர்கள். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

மாமா எட்ட உட்கார்ந்து, "அப்பா வந்திருக்கேன்டா தங்கம்... நான் என்னடா பண்ணேன்?" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"மனுவத் திரும்ப வாங்கிக்கறேம்மா. இனிமே வரல. என்னப் பாத்துக் குழந்தை நடுங்கக் கூடாது. கூட நீ இருக்கேங்கறதுதான் ஒரே நிம்மதி."

நல்ல மனிதர். அக்காவிடம் நான் எப்போதும் சொல்வதுண்டு.

அறையைப் பெருக்கும் அம்மா இப்போது உங்களிடம் வந்து சொன்னது உண்மைதான். அவர் பார்த்தது என் கையைத்தான். குழந்தையை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பக்கத்தைக் குறைத்தேன். அதற்குமேல் எதுவும் செய்யவில்லை.

மற்றபடி பாப்பா நலம். சமீபமாக, அக்கா வேலை முடிந்து கதவைத் திறந்தாலும் அழுகிறாள். அப்போதும் அவள் கை என் கைக்குள்தான் இருக்கும். அக்காவைக் கொஞ்சம் தாமதமாக வரச் சொல்லியிருக்கிறேன். பெற்ற தாயிடம் குழந்தைக்கு அப்படி என்ன பயமோ, எனக்குப் புரியவே இல்லை.