கைக்குட்டையில் கறை இல்லை

இன்ஜின் எண்ணெய்க் கறை வெறும் சோப்புக்குப் போகாது, ஐயா. பட்டவுடன் பவுடரைக் கொட்டி ஊற விட வேண்டும். என் தங்கை கணவருக்கு இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், காதில் ஏறாது. நாலு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றை வாங்கிவிட்டால் அதைப் பற்றி எல்லாமே தெரிந்துவிடும் என்று நினைக்கிற ரகம் அவர். மெக்கானிக்கான நான் அவருக்கு வீட்டோடு கிடைத்த வேலைக்காரன்.

ஞாயிறு தவறாமல் தங்கையையும் ஏற்றிக்கொண்டு பறப்பார். ஏறுமுன் வெள்ளைக் கைக்குட்டையால் விமானத்தின் அடிவயிற்றைத் தடவிப் பார்ப்பார். இன்ஜினைச் சோதிக்கிறாராம். பிஸ்டன் இன்ஜின் என்றால் அங்கங்கே கொஞ்சம் கசியத்தான் செய்யும். எங்கே கசிந்தாலும் காற்று அதைக் கொண்டுபோய் அடிவயிற்றில்தான் பூசும். இது அவர் மண்டைக்கு எட்டியதே இல்லை. கைக்குட்டையில் ஒரு பொட்டு கறுத்தாலும் விமானம் ஓட்டுகிறவர்கள் கூடும் கிளப்பையே கூட்டிக் காட்டுவார்.

ஒருநாள் பத்துப் பேர் முன்னால் அதை என் முகத்துக்கு நேரே விரித்தார்.

“மச்சான், உங்களுக்குக் கண்ணு போச்சு. வீட்டு ஆளுன்னுதான் வெச்சிருக்கேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் இன்ஜினைக் கழுவி, வெள்ளைப் பவுடர் தூவி, ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். கசிவு தொடங்கும் இடத்தில்தான் பவுடர் முதலில் நனையும். எண்ணெயைக் குளிர்விக்கக் கொண்டுபோகிற ரப்பர் குழாயின் வளைவில் நனைந்தது. குழாய் விறைத்து, வெடிப்பு விட்டிருந்தது. புதுக் குழாய் அலமாரியிலேயே இருந்தது. அரை மணி நேர வேலை.

மாற்றவில்லை. ஒரு மூடி தளர்ந்திருந்தது, இறுக்கிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அதன்பின் ஞாயிறுதோறும் அவருக்கு முன்பே வந்து, அடிவயிற்றைப் பளபளவென்று துடைத்து, குறைந்த எண்ணெயை ஊற்றி நிரப்பிவைத்தேன். கைக்குட்டை வெள்ளையாகவே வந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

“இப்பதான் மச்சான் ஒழுங்கா வேலை பாக்குறீங்க” என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இன்ஜின் மூடியைத் திறந்து ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார். கை அழுக்காகிவிடுமே.

ஐந்தாவது ஞாயிறு, மலைக்கு மேலே குழாய் வெடித்தது. எண்ணெய் மொத்தமும் கொட்டி, இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. மரங்களுக்குள் கிடந்தவரை மறுநாள்தான் எடுத்தார்கள். சட்டைப் பையில் கைக்குட்டை மடிப்புக் கலையாமல் இருந்ததாம்.

நான் எதையும் கழற்றவில்லை, ஐயா, எதையும் அறுக்கவில்லை. துடைத்தேன், அவ்வளவுதான். சுத்தம் கேட்டவருக்குச் சுத்தம் கொடுத்தேன். கசிகிற குழாய் வருஷக்கணக்கில் தாங்குவதும் உண்டு. அது வெடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தங்கை பிழைத்தது அவள் அதிர்ஷ்டம். அந்த ஐந்து ஞாயிறும் அவள் கிளம்பித் தயாராகத்தான் இருந்தாள். ஐந்து முறையும் அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வா என்று போன் செய்து, அவளை வரவழைத்துக்கொண்டேன். அம்மா நன்றாகத்தான் இருந்தாள்.